வெடிக்காத சில்லு

பண்டத்தரிப்பு
02.06.1988

தங்கை ஞானாம்பிகைக்கு,

வலக்கையில் இரண்டு விரல் இல்லாதவனுடைய எழுத்து இப்படித்தான் இருக்கும். வாசிக்கக் கஷ்டமென்றால், அந்த விரல்களை எங்கே எறிந்தாய் என்று யோசித்துக்கொண்டு வாசி.

சுகம் விசாரிக்க நான் எழுதவில்லை. உன் இடக்கை எலும்பு பொருந்திவிட்டது, முழங்கை மட்டும் நிமிரவில்லை என்று தட்டிவான் ஓட்டும் கனிசியஸ் சொன்னான். என் விரல் பொருந்தாது, முளைக்கவும் மாட்டாது. ஆக, அடிபாட்டில் வென்றது நீ. ஆனால் ஒன்றை மறக்காதே. உன் புருஷன் கதிரவேலுவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில், பந்தியில் சனம் இருக்கும்போது, குலை வெட்டும் கத்தியோடு முற்றத்துக்கு வந்தவள் நீ. அவன் ஓடிய ஒற்றைச் சில்லுச் சைக்கிளைக் கொத்தினாய். நான் குறுக்கே கை வைத்தேன். விரல் மண்ணில் விழுந்த பிறகுதான் காற்றடிக்கும் பம்பைத் தூக்கி உன் கையில் அடித்தேன். முதல் வெட்டு உன்னுடையது.

இனி விஷயம். நீ கொத்திய சைக்கிளை மூன்று கிழமையில் திரும்பக் கட்டிவிட்டேன். கம்பிகள் பதினாறு அறுந்திருந்தன. இரண்டு சில்லுச் சைக்கிளின் முன்சில்லு றிம்மில் முப்பத்திரண்டு கம்பிதான் போகும், பின்சில்லு றிம்மில் நாற்பது. தூரப் பயணத்துக்கு நாற்பதுதான் வேண்டும் என்று நான் முதலே சொன்னவன். அச்சோடு சேர்த்து ஒட்டிய, மிதிகட்டை பூட்டும் கிறாங் இரண்டும் தப்பிவிட்டன. சீற் தோல் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன்.

ரயர் மட்டும் இல்லை. கதிரவேலு வாங்கி வைத்த புது ரயர், இருபத்தெட்டு அங்குலம், தடித்தது, உன் குசினிக் கூரை வளையில் கடதாசி சுற்றியபடி தொங்குகிறது. அதையும் அதன் ரியூப்பையும் கனிசியஸிடம் கொடுத்துவிடு. கதிரவேலு வைத்த நேர்த்தி நிலுவையில் நிற்கிறது. அவன் இல்லையென்றால் நான்தான் கதிர்காமத்துக்கு ஓடவேண்டும். நேர்த்தி உனக்காக வைத்தது. தீர்க்காவிட்டால் அது உன் தலையில்தான் வந்து விடியும்.

தம்பிராசா


நீர்வேலி
09.06.1988

அண்ணைக்கு,

விரல்களை எறியவில்லை. கிணற்றடி வாழைக்குக் கீழே கிடங்கு கிண்டித் தாட்டேன். அந்த வாழை இந்த முறை நல்ல குலை போட்டிருக்கிறது. சந்தைக்குக் கொடுக்கமாட்டேன், யோசிக்க வேண்டாம்.

ரயர் தரமாட்டேன்.

நேர்த்தி எனக்காக வைத்தது என்று எனக்கே எழுதுகிறீர்கள். எனக்கா தெரியாது? எண்பத்திமூன்று ஆடியில் கண்ணுக்கு வெட்டக் கொழும்புக்குப் போனவள் நான். கலவரம் தொடங்க, கட்டுப்போட்ட கண்ணோடு பக்கத்து வீட்டு மதிலேறிக் குதித்து, ஒரு கோழிக்கூட்டுக்குள் இரண்டு நாள் கிடந்தவள் நான். வெளியில் என்ன எரிகிறது என்று மற்றக் கண்ணாலும் பார்க்கப் பயந்து, மூக்கால் அறிந்தேன். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்க பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் என்ரை மனிசன் சந்நிதி முருகன் கோயில் வாசலில் படுத்துக் கிடந்து வைத்த நேர்த்தி அது: "அவள் இரண்டு காலிலை நடந்து வந்தாள் எண்டால், நான் ஒற்றைச் சில்லிலை கதிர்காமம் வாறன்."

ஒற்றைச் சில்லை அவருக்குப் பழக்கியது யார்? விளையாட்டுப் போட்டிகளில் கை தட்டு வாங்க இரண்டு பேருமாய் ஓடித் திரிந்தீர்களே, அது காணாதா? நடந்து வாறன் என்று அவர் கேட்டிருந்தால் முருகன் வேண்டாம் என்றா சொல்லியிருப்பான்?

மாசி பன்னிரண்டாம் நாள் விடியற்காலை, அவர் ஓடிப் பழகப் புறப்பட்டபோது, நான் குசினியில் நின்றேன். நீங்கள் முற்றத்தில் காற்றடித்த சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். வேறு வேலை இல்லாமல் எண்ணவில்லை, கோப்பி ஆறட்டும் என்று எண்ணினேன். அறுபதில் அவர் சொன்னார், "காணும் மச்சான், காணும், கல்லுப்போலை வந்திட்டுது." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உனக்கென்ன தெரியும், இன்னும் இருபது." எண்பது அடித்தீர்கள்.

சந்தியில் ஆமியின் மண்மூட்டைக் காவலரணுக்கு முன்னால் போகும்போது ரயர் வெடித்தது. உள்ளே நின்றவர்கள் வெடிச்சத்தம் கேட்டுச் சுட்டார்கள். சந்திக் கடைக்காரர் தம்பிமுத்தர் எண்ணியிருக்கிறார், பதினொரு வெடி. பன்னிரண்டு என்று சொல்லுங்கள். முதலாவது உங்களுடையது.

ஞானாம்பிகை


பண்டத்தரிப்பு
14.06.1988

ஞானாம்பிகை,

உன் கடிதத்தைக் கனிசியஸுக்கு முன்னாலேயே கிழித்தேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன், பதில் எழுதுவதற்காக.

எண்பது அடித்தேன். ஓம். ஏன் என்று கேள். சைக்கிளில் ஆளின் பாரத்தை இரண்டு சில்லுகள் பங்குபோட்டுச் சுமக்கும். ஒற்றைச் சில்லில் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும். இரண்டு சில்லின் பாரத்துக்கு இரண்டு சில்லின் காற்று வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் சைக்கிள் புத்தகத்தை எழுத்தெழுத்தாய் வாசித்துப் படித்தவன். காற்றுக் குறைந்த சில்லு றோட்டில் ஒட்டும். ஒட்டினால் ஓடுபவன் முன்னுக்கு விழுவான். பிடிக்கக் கைபிடி இல்லை, நிறுத்த பிரேக் இல்லை. காலடி ஒன்று பிசகினால் மூஞ்சிதான் தரையில். உன் புருஷன் பல்லோடு கதிர்காமம் போகவேண்டும் என்றுதான் எண்பது அடித்தேன்.

வெடித்தது காற்றால் அல்ல, ரயரால். அந்தப் பழைய ரயரை எங்கே வைத்திருந்தாய்? அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கும் பறணில். ஆறு மாதம் புகை குடித்து றப்பர் பொருக்காய்ப் போயிருந்தது. பக்கவாட்டில் நூல் தெரிந்த இடத்தைக் கதிரவேலு சணல் நூலால் தைத்திருந்தான். பக்கத்திலேயே புது ரயர் தொங்கியது. அதை நீ இறக்கிக் கொடுத்திருந்தால் அவன் இண்டைக்கும் இருந்திருப்பான். வடிவுக்கு வைத்துப் பார்க்க அது என்ன தாலிக்கொடியா?

நான் வந்து எடுப்பேன். உன் கத்தியைத் தீட்டி வை. எனக்கு இன்னும் எட்டு விரல் இருக்கிறது.

கிறாங்கை ஆறரை அங்குலத்திலிருந்து ஐந்தாய்க் குறைத்துவிட்டேன். நீளக் கிறாங் ஏற்றத்துக்கு நல்லது, ஆனால் கால் பெரிய வட்டம் சுற்றி இடுப்பு ஆடும். எங்கடை றோட்டு மேசை மாதிரி, ஏற்றம் எங்கே இருக்கிறது? வன்னிக்குள் மணல் வரும். அதற்குத் தடித்த ரயர் வேண்டும். வேறு ரயர் கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். மெல்லிசு ரயர்தான் இருக்கிறது. ஒரு முள்ளுக்குக் காணாது.

தம்பிராசா


நீர்வேலி
27.06.1988

அண்ணைக்கு,

வாருங்கள். கத்தி தீட்டித்தான் இருக்கிறது. இடக்கை நிமிராவிட்டாலும் வலக்கை நிமிரும்.

ஆனால் வருவதற்கு முதல் இதை வாசியுங்கள். வாசித்தபிறகும் வரத் தைரியம் இருந்தால் படலையைத் தாண்டுங்கள்.

நான் ரயரை ஒளித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்கள். பாலேஸ்வரி மச்சாளுக்கும் சொன்னீர்களாம். அவ வந்து என் முகத்தைப் பார்த்து, "ஒரு ரயருக்காகவாடி புருஷனைத் துலைச்சனி?" என்று கேட்டா. என் வீட்டில், என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு கேட்டா. பேணியைப் பிடுங்கி அவவின் காலடியில் எறிந்தேன். சுடுதண்ணி அவவின் காலில் பட்டது. நான் வருத்தப்படவில்லை.

அண்டு விடிய என்ரை மனிசன் குசினிக்குள் வந்தார். புது ரயரை வளையிலிருந்து இறக்கினார். நான் தடுக்கவில்லை. கடதாசியைக் கொஞ்சம் விலக்கி மூக்கை வைத்து மணந்து பார்த்தார், குழந்தைப்பிள்ளை மாதிரி. "இதைப் பூட்டுவமோ?" என்றார். "உங்கடை விருப்பம்" என்றேன். ரயரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கோப்பி வடிக்கிற நேரம்கூட இல்லை, திரும்பி வந்து வளையில் தொங்கவிட்டார். அப்போதுதான் புகைப்பறணில் இருந்து பழசை எடுத்தார்.

முற்றத்தில் யார் நின்றது? வேறு யாராவது நின்றார்களா? நான் கேட்கவில்லை, எனக்குத் தேவையும் இல்லை. அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று சொல்லவேண்டியவர் நீங்கள். நாலு மாதமாய் அதைச் சொல்லாமல், என் தலையில் ஏற்றிவிட்டு, எனக்கே கடிதம் எழுதுகிறீர்கள்.

கதிர்காமத்துக்கு ஓடப்போவதாய்ச் சொல்கிறீர்கள். அறுபத்தொரு வயதில், எட்டு விரலோடு, சாவடிக்குச் சாவடி துவக்கு நிற்கிற றோட்டில். ஓடவேண்டுமென்றால் சந்நிதிக்கு ஓடுங்கள். சின்னக் கதிர்காமம் என்றுதானே அதற்குப் பேர். நேர்த்தி வைத்ததும் அங்கேதான். அதற்குமேல் போக உங்களுக்கு என்ன வீம்பு என்று முருகனுக்குத் தெரியும்.

இன்னொருவரைச் சந்தியிலிருந்து பாயில் சுற்றிக் கொண்டுவந்து கழுவ என்னால் முடியாது. ஒரு கைதான் வேலை செய்கிறது.

ஞானாம்பிகை


பண்டத்தரிப்பு
05.07.1988

ஞானாம்பிகைக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து தரம் எழுதினேன். நாலைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முற்றத்தில் நின்றது நான்தான்.

அவன் புது ரயரைக் கொண்டுவந்தான். நான் சொன்னது இது: "விசரா, சாமிக்கு எண்டு வாங்கினதைப் பழகிறதுக்குப் பூட்டுறியே? வைகாசியிலை சந்நிதியிலை பூசை முடிச்சு, தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் அதைப் பிரிக்கவேணும். பழகிறதுக்குப் பழசு காணும். கொண்டுபோய் வை." அவன் ஒரு சொல் மறுத்துக் கதைத்தான். "பழசு பொருக்கு விட்டிருக்கு மச்சான்." நான் சொன்னேன், "பயமெண்டால் நடந்து போ, பொம்பிளையளோடை."

அவன் திரும்பிப் போய் வைத்தான்.

எங்கடை ஐயா இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். புது வேட்டி வாங்கினால் தீபாவளிவரை பெட்டிக்குள். புதுப் பாய் வாங்கினால் விருந்தாளி வரும்வரை மூலைக்குள். அம்மா செத்தபோது பெட்டிக்குள் மடிப்புக் கலையாத பட்டுச் சேலை மூன்று இருந்தன, கிழிந்த சேலையோடு படுத்திருந்தா. நல்லதைப் பிறகுக்கு வைக்கிற சனம் நாங்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு, பொருக்கு விட்ட ரயருக்கு எண்பது அடித்தேன்.

பொருக்கு விட்டது என்று அவன் சொன்னதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் அடித்தேன். எனக்கு அவன் பாடம் எடுப்பதா என்று இருந்தது.

அவன் விழுந்ததை நான் கண்டேன். நான் ஐம்பது யார் தூரம் பின்னால் சைக்கிளில் வந்தேன். முதல் வெடிக்கு அவன் சில்லிலிருந்து நேரே கீழே வந்து இரண்டு காலில் நின்றான். விழவில்லை. அவ்வளவு நன்றாய்ப் பழகியிருந்தான். கை இரண்டையும் மேலே தூக்கினான். நின்றபடியால்தான் சூடு பட்டது. அடுத்தடுத்து நெஞ்சு, வயிறு, கழுத்து. நான் வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டேன். எழும்பிப் போகவில்லை. உனக்கு இதுவரை சொன்னது, நான் எழும்பி அவனிடம் ஓடினேன் என்று. அதுவும் பொய்.

மன்னிப்புக் கேட்டு நான் எழுதவில்லை. கேட்கத் தெரியாது. பம்பை அனுப்பியிருக்கிறேன். உன் கையை உடைத்ததும் அதுதான், அவனை உடைத்ததும் அதுதான். கிணற்றுக்குள் போடு.

ஆனால் போகத்தான் போகிறேன். இதில் மாற்றமில்லை. நீ சொன்ன சந்நிதிக்கு முதலில். சந்தியால்தான் போவேன், குறுக்கு ஒழுங்கை ஒன்றுக்குள்ளும் நுழையமாட்டேன். ரயர் தராவிட்டால் வெறும் றிம்மில் போவேன். தார் றோட்டில் இரும்பு போடும் சத்தத்தை அவர்கள் என்னவென்று நினைப்பார்களோ, நினைக்கட்டும்.

தம்பிராசா


நீர்வேலி
11.07.1988

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை நான் ஒட்டவேண்டி வரவில்லை. கிழிக்கவில்லை. அவருடைய படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவர் வாசிக்கட்டும். இரண்டு நாள் நான் ஒன்றும் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் நின்ற நாலு வாழையைத் தறித்தேன். குலையோடு தறித்தேன், விரல் தாட்ட வாழையை மட்டும் விட்டேன். உங்களைத் தறிப்பதாய் நினைத்துத்தான் தறித்தேன்.

வெறும் றிம்மில் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். பொடியனாய் இருந்த காலத்தில் ஐயா வேண்டாம் என்று சொன்னதற்காக முட்கம்பிக்கு மேலால் ஏறிக் கால் கிழிந்தவர் நீங்கள். அதனால் ரயரை அனுப்புகிறேன். ரயரோடு வருவதை முதலில் பாருங்கள், பிறகு ஏசுங்கள்.

ரியூப் இல்லை. கத்தரிக்கோலால் கீலங் கீலமாய் வெட்டிவிட்டேன். ரயரின் அடியைச் சுற்றி, ஒரு சாணுக்கு ஒன்றாய், உளியால் துளை போட்டிருக்கிறேன். வேறு ரியூப் போட்டீர்களென்றால் துளைக்குள்ளால் பிதுங்கும். இனி அதற்குள் காற்று நிற்காது, யார் எத்தனை அடித்தாலும்.

கூட வருகிற சாக்கில் வாழைச்சருகு இருக்கிறது, காய்ந்தது. தறித்த வாழைகளின் மடலும் சேர்த்து உலர்த்தியிருக்கிறேன். கட்டியிருப்பது ரியூப் கீலங்களால். சருகைக் கயிறாய்த் திரித்து ரயருக்குள் சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். குலை ஏற்றும் சைக்கிள்களுக்கு எங்கடை ஆட்கள் செய்வதுதான். நீங்கள் "மாட்டுவண்டிச் சில்லு" என்று சிரித்தீர்களே, அதுதான். ஓடக் கஷ்டம், பாரம். ஆனால் வெடிக்காது.

அதில் ஓடினால் ஓடுங்கள். இல்லாவிட்டால் ரயரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஞானாம்பிகை


பண்டத்தரிப்பு
26.07.1988

ஞானாம்பிகைக்கு,

நிமிர்ந்து இருந்து எழுத முடியவில்லை. பலகையை நெஞ்சில் வைத்துப் படுத்தபடி எழுதுகிறேன். நெஞ்சிலும் வைக்க முடியவில்லை, மூன்று விலாவெலும்பு போய்விட்டது. வயிற்றில் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை உன் படலைக்கு வெளியே, றோட்டில் நின்று ஏறினேன். நீ வெளியே வரவில்லை. குசினி யன்னல் திறந்திருந்தது. அது போதும்.

சருகுச் சில்லு மாட்டுவண்டிச் சில்லுதான். மிதிக்க மிதிக்கப் பின்னுக்கு இழுக்கிறது. ஐந்து அங்குலக் கிறாங் பிழை, ஆறரைதான் வேண்டும். இதை உனக்கு எழுதுகிறேன், வேறு யாருக்கும் சொல்லாதே.

சந்தியில் "நில்!" என்றார்கள். ஒற்றைச் சில்லில் நிற்க முடியாது, ஓடவேண்டும் அல்லது இறங்கவேண்டும். இறங்கினேன். கதிரவேலுவைப்போல வடிவாய் இறங்கவில்லை, முழங்காலில் விழுந்தேன். சர்க்கஸ்காரனா, சாமான் கடத்துபவனா என்று கேட்டார்கள். "நேர்த்தி" என்றேன். அந்தச் சொல் அவர்களுக்கு விளங்கவில்லை. துவக்குப் பிடியால் நெஞ்சில் இடித்தார்கள். விழுந்தபிறகு காலால். ஒருவன் என் கையை மிதித்துவிட்டு, இல்லாத விரல்களைக் கண்டு காலை எடுத்தான். அந்த விரல்களால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

சில்லுக்குள் ஏதோ இருக்கிறது என்று கத்தியால் ரயரைக் கீறினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை, தங்கச்சி. சரசரவென்று சருகுதான் வந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். வாழைச்சருகு. ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "போ" என்றார்கள்.

கதிரவேலு விழுந்த இடத்தில் குந்தியிருந்து சருகைத் திரும்பத் திணித்தேன். மூச்சு எடுக்க ஏலாது, ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு குத்து. கீறின இடத்தை நீ அனுப்பிய ரியூப் கீலங்களால் வரிந்து கட்டினேன். கட்டிவிட்டு ஏறினேன். மூன்றாம் தரம்தான் ஏற முடிந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சந்நிதிக்குப் போக மத்தியானமாகிவிட்டது. தேங்காய் ஒரே அடியில் உடைந்தது. கதிரவேலுவின் பேரைச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன். உன் பேரையும் சொன்னேன்.

நேர்த்தி தீர்ந்தது என்று நீ நினைக்கலாம். பெரிய கதிர்காமம் நிலுவையில் இருக்கிறது. விலா ஒட்டட்டும். பாதிச் சருகு றோட்டில் கொட்டிவிட்டது, அதுதான் குறை.

அண்ணை


நீர்வேலி
30.07.1988

அண்ணைக்கு,

கனிசியஸிடம் இரண்டு சாக்குச் சருகு கொடுத்துவிட்டேன். ஒன்று போதும் என்று அவன் சொன்னான். உங்களைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

கூட ஒரு வாழைக்குலை வருகிறது. எந்த வாழை என்று கேட்கவேண்டாம், கேட்டால் சாப்பிடமாட்டீர்கள். உங்களுடையதை நீங்கள்தான் சாப்பிடவேண்டும்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் வாய்க்காலுக்குள் படுத்திருந்ததை மன்னிப்பேன், யாராயிருந்தாலும் படுப்பார்கள். எண்பதை மன்னிக்கமாட்டேன். நாலு மாதம் என்னைச் சொல்லித் திரிந்ததையும் மன்னிக்கமாட்டேன். பாலேஸ்வரி மச்சாளிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வாயால். அதற்குப் பிறகு மற்றதைப் பார்ப்போம்.

பம்பைக் கிணற்றில் போடவில்லை. குடிக்கிற கிணறு. கச்சான் காற்றுக்குப் படலை அடித்துக்கொண்டே கிடந்தது, பிணைச்சல் கழலப் பார்த்தது. ஒரு கையால் அதைக் கட்ட என்னால் ஏலாது. பம்பை நிலத்தில் நட்டு, படலைக்கு முண்டு கொடுத்திருக்கிறேன். இப்போது அது திறந்தபடி நிற்கிறது.

திறந்து நிற்கிறது என்பதற்காக வரச் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம்.

ஞானாம்பிகை